பாத்திரத்துக்கும் உயிர் இருக்கிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சாயங்காலம் அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டு, காலை ஐந்தரைக்குக் கடையைத் திறப்பேன். 2017 ஆனி மாதத்தில் ஒரு நாள், கடை திறப்பதற்குள்ளேயே ஐந்து தடவை கழிப்பறைக்குப் போய் வந்தேன். ஐந்தாவது தடவை மலமே இல்லை. சளியும் ரத்தமும்தான். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, முதல் ஆளுக்கு மாவு கட்டிக் கொடுத்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பொருள் விற்கிறவளுக்கு வயிறு சரியில்லை என்று தெருவில் ஒருவருக்குத் தெரிந்தாலும் மறுநாள் கடைக்கு யார் வருவார்கள்?

அப்படியே ஐந்து மாதம் மறைத்தேன். அது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் நோய் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஐந்து மாதத்தை நினைத்துத்தான்.

முதலில் அத்தைக்குத்தான் தெரிந்தது. "மூலந்தாம்மா இது, அடுப்புச் சூட்டுலயே நிக்கிற பாரு" என்று துத்தி இலையை வதக்கிக் கொடுத்தார். கேட்கவில்லை. பிறகு பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சீதபேதி என்றார்கள். ஐந்து நாள் மாத்திரை. முடித்ததும் நாலு நாள் தேவலை போல இருக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாகும். பெயர் மட்டும் மாறி அதே வகை ஆன்டிபயாட்டிக்கை நாலு தடவை சாப்பிட்டேன். நடுவில் வலது முழங்கால் வீங்கியது. அதற்குத் தனியாக வலி ஊசி போட்டார்கள். அந்தக் காலும் இந்தக் குடலும் ஒரே நோயைச் சேர்ந்தவை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. டைக்ளோஃபினாக் மாதிரியான வலி மருந்துகள் இந்தக் குடல் நோயைக் கிளப்பிவிடக்கூடியவை என்பதும் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

61 கிலோ இருந்தவள் 48 ஆனேன். ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். ஒரு ராத்திரி கழிப்பறையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். கடலூரிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான். அன்றைக்கு அந்த தூரம் எனக்குக் காசி தூரம். வழியில் எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை உண்டு என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனேன். இந்த நோய்க்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்கும்.

கோரிமேட்டில் ஜிப்மரில் என்னைப் பார்த்த டாக்டர் இளவயதுப் பெண். அவர் கேட்ட முதல் கேள்வியை மறக்கவே மாட்டேன். "ராத்திரி தூக்கத்துல முழிச்சுக்கிட்டு போறீங்களாம்மா?" போகிறேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பதற்றத்தாலோ சாப்பாட்டாலோ வருகிற வயிற்றுக் கோளாறு பொதுவாக ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பாது என்றார். ராத்திரியில் எழுப்பினால், ரத்தம் கலந்து போனால், எடை இறங்கினால், மூன்று வாரத்துக்கு மேல் நீண்டால், மூலம் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. எனக்கு ஹீமோகுளோபின் 7.4-தான் இருந்தது, கடுமையான ரத்தசோகை. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். அதற்கு முந்தைய நாள் குடலைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்வார்கள். பரிசோதனையைவிட அதுதான் கஷ்டம். அரைமயக்கத்தில் நானும் திரையைப் பார்த்தேன். நல்ல குடலின் உட்சுவர் இளஞ்சிவப்பாகப் பளபளவென்று இருக்குமாம். அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் மெல்லிய கொடி மாதிரி தெரியுமாம். எனக்கு மலக்குடலில் தொடங்கி இடப்பக்கம் நெடுக அந்தக் கொடியே காணவில்லை. செக்கச்செவேலென்று மணல் மணலாக இருந்தது. குழாய் லேசாக உரசிய இடத்திலும் ரத்தம் துளிர்த்தது.

ஆறேழு இடத்தில் சதை கிள்ளி எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் மலத்தில் அமீபா இருக்கிறதா என்று பார்த்தார்கள், காசநோய்க்கும் பார்த்தார்கள். நம் நாட்டில் இந்த இரண்டையும் இல்லை என்று உறுதி செய்யாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது என்றார் டாக்டர். குடல் காசநோயும், குரோன் என்ற இன்னொரு நீண்டகாலக் குடல் அழற்சி நோயும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குரோன் என நினைத்துக் காசநோய்க்காரருக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் கொழுந்துவிட்டு எரியும். எனக்கு இரண்டும் இல்லை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், பெருங்குடலின் உட்பூச்சில் மட்டும் புண்ணாகிற நீண்டகால அழற்சி. தொற்று நோய் கிடையாது, என் கையிலிருந்து மாவுக்கோ யாருக்குமோ போகாது என்று அவர் சொன்னபோதுதான் ஐந்து மாதத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு வந்தது.

"ஏன் வந்துச்சு டாக்டர்?" என்றேன். அவர் சொன்னதை அன்றைக்கு அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டேன். பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி நிறுத்தால் கால் கிலோகூடத் தேறாது. நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்பும் நார்ச்சத்தை அவை புளிக்க வைக்கின்றன. புளிக்கும்போது பியூட்டிரேட் என்ற ஓர் அமிலம் கிடைக்கிறது. பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அந்த அமிலத்திலிருந்துதான் வருகிறது. பாக்டீரியா சமைத்துப் போட, குடல் சாப்பிடுகிறது.

இத்தனை கோடி இருந்தும் அவை சுவரைத் தொடுவதில்லை. நடுவில் வழவழப்பான சளிப்படலம் இரண்டடுக்காக இருக்கிறது. வெளியடுக்கில் பாக்டீரியா புழங்கும். உள்ளடுக்கு கிட்டத்தட்ட சுத்தமாக இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அந்த உள்ளடுக்கு மெலிந்துபோகிறது. பாக்டீரியா சுவரை நெருங்குகிறது. காவலுக்கு இருக்கிற எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்த்துச் சண்டையைத் தொடங்குகின்றன. தொடங்கிய சண்டையை நிறுத்தத் தெரியவில்லை. எரிகிற குடலில், பியூட்டிரேட் செய்கிற சாதுவான இனங்கள் குறைந்துபோகின்றன. ஃபீக்காலிபாக்டீரியம் என்று ஒன்றின் பெயரைச் சொன்னார், குரோன் நோயாளிகளிடம் அது குறைந்திருப்பதை 2008-ல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக்சிஜனைத் தாங்குகிற முரட்டு இனங்கள் பெருகுகின்றன. அதனால் படலம் இன்னும் மெலிகிறது. கோழி முந்தியா முட்டை முந்தியா என்று மருத்துவ உலகில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பாக்டீரியா இல்லாமல் இந்த நோய் இல்லை என்பதற்கு எலிகளிடம் அழுத்தமான ஆதாரம் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஒரு மரபணுவை நீக்கிய எலிகளைச் சாதாரணக் கூண்டில் வளர்த்தால் குடல் புண்ணாகிறது. கிருமியே இல்லாத கண்ணாடிக் கூண்டில் பிறந்து வளர்ந்தால் ஆவதில்லை.

மாவுக்காரிக்கு இதில் பாதி சொல்லாமலே புரிந்தது. இட்லி மாவுக்கு நாம் உறை ஊற்றுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு வருகிற பாக்டீரியாவே, அதில் முக்கியமாக லியூகோனாஸ்டாக் என்ற இனம், மாவைப் பொங்க வைக்கிறது. மார்கழிக் குளிரில் அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்பு போட்டாலும் விடிந்தும் எழும்பாமல் கிடக்கும். கத்திரி வெயிலில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்காவிட்டால் நள்ளிரவிலேயே வழிந்து தரையில் ஓடும். அதனால் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டேன். "மாவு எழும்பலன்னா நேத்து மாவு ஒரு கரண்டி எடுத்துக் கலந்து வெச்சா எழும்பிடும் டாக்டர். அதே மாதிரி நல்ல பாக்டீரியாவ உள்ள அனுப்பிட்டா இது சரியாயிடாதா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "மாவுக்கு அது சரிம்மா. மாவு இருக்கிற பாத்திரம் சும்மா இருக்கு. உங்க பாத்திரத்துக்கு உயிர் இருக்கே. அது மாவோட சண்டை போட்டுட்டு இருக்கு. மொதல்ல பாத்திரத்த அமைதியாக்கணும்."

இந்தப் பதிலை 2019-ல் நான் மறந்துபோனேன். அதற்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

மூட்டு வீக்கமும் இருந்ததால் எனக்கு முதலில் கொடுத்தது சல்ஃபாசாலசின். கூடவே ஃபோலிக் அமில மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடக் கூடாது. ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் 1940-களின் தொடக்கத்தில் மூட்டு நோய்க்காக உருவாக்கிய மருந்து இது, குடல் புண்ணுக்கும் கேட்பதை அவரே கண்டுபிடித்தார். இரண்டு மருந்தை ஒரு கொக்கியால் கோத்த மாத்திரை. வயிற்றிலும் சிறுகுடலிலும் அந்தக் கொக்கி பெரும்பாலும் கழலாது. பெருங்குடலுக்கு வந்ததும் அங்கே இருக்கிற பாக்டீரியாதான் அதை அறுக்கிறது. அப்போதுதான் உள்ளே இருக்கும் மெசாலமின் வெளியே வந்து புண்ணில் வேலை செய்கிறது. இதைக் கேட்ட அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டே வந்தேன். எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்த பாக்டீரியாதான் எனக்கு மருந்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எட்டு வாரத்தில் ரத்தம் நின்றது. நாலு மாதத்தில் 55 கிலோ. 14 மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு இல்லாத காலத்தில்தான் தப்பு செய்தேன். கைபேசியில் ஒருவர் பேசுவார், குடல் நோய் எல்லாமே கெட்ட பாக்டீரியாவால் வருவது, மாத்திரை நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், மூன்று மாதத்தில் இயற்கையாக மாற்றலாம் என்று. எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்பதால் மீதியையும் நம்பினேன். ஒன்றுமே தெரியாதிருந்தால் நம்பியிருக்க மாட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. 2019 மாசியில் மாத்திரையை நிறுத்தினேன். நல்ல பாக்டீரியா என்று விற்கிற புரோபயாட்டிக் பொடி மாதம் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். காலையில் பழைய சோற்றோடு பச்சை வெங்காயம், மத்தியானம் பச்சைக் காய்கறி, ராத்திரி வரகும் சாமையும். முதல் மூன்று வாரம் உடம்பு லேசாக இருந்தது. அதை நோய் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். மருந்தின் பலன் உள்ளே கொஞ்ச நாள் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

ஏழாவது வாரம் ரத்தம் வந்தது. இன்னும் பத்து நாளில் ஒரு நாளைக்கு 14 தடவை. காய்ச்சல், படபடப்பு, தொட்டால் உயிர் போகிற மாதிரி வயிறு.

ஒன்பது நாள் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தேன். கையில் ஸ்டீராய்டு ஊசி, வயிற்றுத் தோலில் தினமும் ஒரு சின்ன ஊசி. ரத்தம் போகிறவளுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஏன் ஊசி போடுகிறார்கள் என்று அத்தை சண்டைக்கே போய்விட்டார். குடல் இப்படி எரிகிறபோது கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம், அதைத் தடுக்கத்தான் என்று நர்ஸ் உட்கார்ந்து விளக்கினார். குடல் வீங்கிப் புடைத்துவிட்டதா என்று வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். புடைத்திருந்தால் பெருங்குடலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று அறுவை சிகிச்சை டாக்டரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். மலத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமிக்கும் பார்த்தார்கள். ஆன்டிபயாட்டிக் நிறையச் சாப்பிட்ட குடலில் சாதுவான இனங்கள் அழிந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். கோலைட்டிஸ் திடீரென்று மோசமானால் அது இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தைக் கூட்டக் கூடாதாம். எனக்கு அது இல்லை. ஐந்தாம் நாள் ரத்தம் குறைந்தது.

வீட்டுக்கு வரும்போது 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை. வாரம் ஐந்து ஐந்தாகக் குறைத்தார்கள். முகம் உப்பி, தூக்கம் போய், சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு தீயணைப்பு வண்டி மாதிரி, வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாக அசதயோபிரின் தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது, ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு இறங்கியிருந்தது. உடனே நிறுத்தச் சொன்னார்கள். நம் ஊர்ப்பக்கத்தவர்களில் சிலருக்கு ஒரு மரபணு மாற்றத்தால் இந்த மருந்து இப்படிச் செய்யுமாம். அந்த மாத்திரை தொடங்கினால் முதல் மாதத்து ரத்தப் பரிசோதனையை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். நான் தள்ளியிருந்தால் காய்ச்சலில்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

கடைசியில் எனக்கு நின்றது மெசாலமின்தான். வாயால் மாத்திரை, ராத்திரி பின்வழியாக எனிமா. வாயால் மட்டும் சாப்பிடுவதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம், ஆனால் வெட்கத்தால் நிறையப் பேர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள் என்று டாக்டர் வருத்தப்பட்டார். நானும் முதல் நாள் அழுதேன். செய்துபார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருந்து சில்லென்று இருந்தால் உடனே வெளியே வரப் பார்க்கும், குப்பியை உள்ளங்கையில் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் குலுக்குங்கள். இடப்பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை மடக்கிப் படுங்கள். குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கமாக வளைவதால் மருந்து தானாக இறங்கும். துணியில் பட்டால் பழுப்புக் கறை போகாது, பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். அந்த அரைமணியும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். துத்தி இலை வதக்கிக் கொடுத்ததற்காக அவர் என்னிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியத்தை அவர் செய்தார். மறைத்தது நான்.

சாப்பாடு பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நோய் கிளம்பியிருக்கும்போது குழைந்த சோறு, இட்லி, தண்ணீராக்கிய மோர், தோலும் விதையும் எடுத்த சுரைக்காய், பீர்க்கங்காய், வாழைப்பழம், வேகவைத்த முட்டை, மீன் குழம்பில் காரத்தைக் குறைத்து மீன். பச்சை வெங்காயம், முழுப் பயறு, பண்ருட்டிப் பலா எல்லாம் அப்போது வேண்டாம். ஆனால் அடங்கிய பிறகும் அப்படியே இருந்துவிடக் கூடாது. பாக்டீரியாவுக்கு நார்ச்சத்துதான் சோறு. நாம் பயந்து பயந்து வெறும் ரசம் சாதமே சாப்பிட்டால் அவை பட்டினி கிடக்கும். வாரம் ஒரு பொருளாகச் சேர்த்தேன். ஒரு நோட்டில் தேதி, சாப்பிட்டது, எத்தனை தடவை போனது என்று மூன்று கட்டம். கேரட்டும் பூசணியும் முதல் வாரமே ஒத்துக்கொண்டன. முருங்கைக்கீரைக்கு மூன்று மாதம் ஆனது. பச்சை வெங்காயம் இன்றைக்கும் எனக்கு ஆகாது, இதே நோயுள்ள இன்னொருவருக்கு ஆகிறது. பால் எல்லாருக்கும் விரோதி என்று சொல்வது தப்பு. பாக்கெட்டில் வருகிற ஐஸ்கிரீம், சாஸ் வகைகளில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கக் கலக்கும் குழைப்பான்கள் எலிகளின் சளிப்படலத்தை மெலிய வைப்பதாக 2015-ல் ஆய்வு வந்திருக்கிறது. அதைக் கேட்ட பிறகு அவற்றை வீட்டுக்குள் விடுவதில்லை.

பழைய சோறு நல்லதா என்றால், அடங்கிய காலத்தில் எனக்கு நல்லது. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத வகையாக மாறுகிறது. அது பெருங்குடல்வரை போய்ப் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதே தத்துவத்தை வைத்துக் காலரா நோயாளிகளுக்கு உப்புக் கரைசலில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பெருங்குடலில் பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து உண்டாக்கிய அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டன, பேதி சீக்கிரம் நின்றது. 2000-ல் அது உலகம் மதிக்கிற மருத்துவ இதழில் வந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றை எங்களைப் போன்ற குடல் நோயாளிகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் பாட்டி தயிர் கலந்து கரைத்துக் குடித்ததை ஆய்வுக்கூடம் இன்றைக்கு எடுத்துப் பார்க்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அது மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்கிற கிண்ணம். மாத்திரை இருந்த இடத்தில் அதை வைத்ததுதான் என் தப்பு.

கடைக்கு வருகிறவர்கள், "இட்லியில நல்ல பாக்டீரியா இருக்காமேக்கா?" என்று கேட்பார்கள். மாவில் இருக்கிறது, ஆவியில் வெந்ததும் செத்துவிடும் என்று சொல்லிவிடுவேன். இட்லி நல்லதுதான், புளித்ததால் லேசாகச் செரிக்கும். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் வீட்டில் உறை ஊற்றிய தயிர் போதும். வியாபாரத்துக்காக இல்லாததைச் சொன்னால், அதை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

புரோபயாட்டிக் முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். முதல் உலகப் போரின்போது 1917-ல் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர், கூட இருந்தவர்களுக்கெல்லாம் பேதி வந்தும் தனக்கு வராத ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஓர் இனத்தைப் பிரித்தெடுத்தார். அடங்கிய அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மறுபடி கிளம்பாமல் காப்பதில் அது மெசாலமினுக்கு ஏறக்குறைய சமமாக நின்றிருக்கிறது. எட்டு வகை பாக்டீரியாவைச் சேர்த்த ஒரு கலவை லேசான, நடுத்தர நோய்க்கு உதவியதாக நம் நாட்டு ஆய்வே இருக்கிறது. குரோன் நோயில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. இனத்துக்கு இனம், நோய்க்கு நோய் வேறு. கடையில் "நல்ல பாக்டீரியா" என்று பொதுவாக எழுதியிருக்கும் பொடியை வாங்கி நான் சாப்பிட்டது, விதையின் பெயர் தெரியாமல் விதைத்த மாதிரி.

ஆரோக்கியமானவரின் மலத்தைச் சுத்திகரித்துக் குடலில் செலுத்தும் சிகிச்சையும் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அதோடு அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையையும் சேர்த்துக் கொடுத்து, லேசான, நடுத்தர நோயாளிகளிடம் பலன் கண்டதாக 2022-ல் எழுதினார்கள். ஆராய்ச்சியாக, மருத்துவமனைக்குள், கொடுப்பவரின் ரத்தம், மலம் எல்லாவற்றையும் பரிசோதித்துச் செய்வது அது. சிலர் வீட்டிலேயே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடுங்கிப்போனேன். அமெரிக்காவில் 2019-ல், கொடுத்தவரிடமிருந்து மருந்துக்கு அடங்காத ஈ.கோலை வந்து ஒரு நோயாளி இறந்தே போனார்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்க்கிறேன். குடலில் சண்டை போடுகிற வெள்ளணுக்கள் கசியவிடும் புரதம் அது. 50-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250-ஐத் தாண்டினால் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். படுக்கையில் கிடந்தபோது எனக்கு 1,240. போன தடவை 68. ரத்தம் வருவதற்கு முன்பே இது ஏறத் தொடங்கும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப் போடுவதில்லை. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், வலி ஊசி வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்கிறேன். ஆன்டிபயாட்டிக் எழுதினால் கண்டிப்பாகத் தேவையா என்று ஒரு தடவை கேட்கிறேன். தேவை என்றால் மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுகிறேன்.

2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது நாலு நாள் கரண்ட் இல்லை, 30 கிலோ மாவைக் கொட்டினேன். மருந்துக்கடைகளில் லோடு வரவில்லை. ஆனால் எவர்சில்வர் சம்படத்தில் ஒரு மாத மாத்திரை தனியாக வைத்திருந்தேன். 2019-க்குப் பிறகு அந்தச் சம்படம் காலியானதே இல்லை.

நோய் தொடங்கி எட்டு வருடம் ஆகிவிட்டால், தொந்தரவே இல்லாவிட்டாலும் கொலோனோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். நீண்டகாலம் எரிந்த குடலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், சீக்கிரம் பார்த்தால் கிள்ளி எறிந்துவிடலாம். எனக்கு எட்டு முடிந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை முழுக்க அந்த மருந்துத் தண்ணீர்.

கடை வாசல் பலகையில் 'புதன், வியாழன் மாவு கிடையாது' என்று நேற்றே எழுதிவிட்டேன். காலையில் மாவு வாங்க வந்த பக்கத்துத் தெரு அக்கா, "எங்க, கல்யாணமா?" என்று கேட்டார்.

"குடல் பரிசோதனைக்குப் போறேங்க்கா. எட்டு வருஷமா இருக்கு எனக்கு" என்றேன். மாவுப் பையை வாங்கிக்கொண்டவர் அங்கேயே நின்றார். அப்புறம் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, தன் மகனுக்கு இரண்டு மாதமாக ரத்தம் போவதாகச் சொன்னார். "ராத்திரி தூக்கத்துல எழுந்து போறானா?" என்று கேட்டேன்.